ஒரே பெட்டி, இரண்டு காய்ச்சல்: நானுஓயாப் பக்கத்து லயமொன்றில் வீட்டுப் பரிசோதனை – நிகழ்வு ஆய்வு

ஒரு தைப்பொங்கல் வாரம். ஐந்து கிட் உள்ள கொவிட் வீட்டுப் பரிசோதனைப் பெட்டி ஒன்று கொழும்பிலிருந்து நுவரெலியாவை அடுத்த நானுஓயாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்தது. அதில் மூன்றை மூன்று பேர் பயன்படுத்தினார்கள். மூன்றிலும் நெகட்டிவ். அவற்றில் இரண்டு தவறான விடை, ஒன்று சரியான விடை. எட்டு நாளுக்குள் அந்த லயத்திலிருந்து இரண்டு பேர் நான் டொக்டராக வேலை செய்த வார்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இருவருமே பிந்தி வந்தவர்கள். அதில் ஒருவர், கிட் சரியான விடை சொன்ன ஆள்.

அந்தச் சரியான விடைதான் என்னை இதை எழுத வைத்தது. கிட் பிழைவிடும் என்று இப்போது பலருக்கும் தெரியும். பிழைவிடாத கிட்டும் ஒருவரைத் தாமதப்படுத்தும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் ஆட்களும்

பழைய தகரக் கூரை லயம். காம்பராவுக்குக் காம்பரா ஒரே சுவர், முன்னால் ஓர் இஸ்தோப்பு (வெளித் திண்ணை), பின்னால் விறகடுப்பு. முதல் வீட்டில் அம்மாயி, வயது எழுபதைத் தாண்டியவர், நீண்ட காலமாகச் சீனி வருத்தமும் பிரஷரும் உள்ளவர். அவருடைய மகள் கொழுந்து பறிக்கிறார். மகளின் மகன் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. இரண்டு காம்பரா தள்ளி இன்னொரு இளைஞர், அவருக்கும் கொழும்பில்தான் வேலை. பொங்கலுக்கு இரண்டு பையன்களும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.

பேரனுக்குப் பஸ்ஸிலேயே தொண்டை கரகரத்தது. அவன் வேலை செய்த கடையில் முந்திய வாரம் இரண்டு பேருக்குக் கொவிட் வந்திருந்தது. அதனால்தான் வரும் வழியில் பெட்டியை வாங்கியிருக்கிறான். வீட்டில் வயதான ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு அவனுக்கு இருந்தது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் அசட்டையாக இருந்தவர் யாரும் இல்லை.

நடந்தது

முதல் நாள் விடியற்காலை, அடுப்பு மூட்டுவதற்கு முன், பேரன் பரிசோதனை செய்தான். செய்முறைத் தாளில் தமிழ் இல்லை, படத்தைப் பார்த்துத்தான் செய்திருக்கிறான். ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் குச்சியை விட்டு எடுத்தான். அந்தக் கிட்டுக்கு இரண்டு துவாரமும் வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 'சி' என்ற இடத்தில் மட்டும் கோடு.

"அம்மாயி, ஒரு கோடுதான் வந்திருக்கு. ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லேன்னா அங்க ஏன் நிக்கிற? வந்து பக்கத்துல உக்காரு ராசா."

உட்கார்ந்தான். வரும்போதே முகக்கவசம் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் படுக்கிறேன் என்று சொன்ன பையன், அன்று இரவிலிருந்து அம்மாயி படுக்கும் காம்பராவில் படுத்தான்.

மூன்றாம் நாள் மகளுக்கு இருமல். அவர் பரிசோதனை செய்யவில்லை, கொழுந்து பறிக்க மலைக்குப் போனார். அதே நாள் பக்கத்து இளைஞர் ஒரு கிட் கேட்டு வாங்கிப் போனார். பொங்கலன்று அவருக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது, உடம்பெல்லாம் முறிக்கிற வலி, கண்ணுக்குப் பின்னாலும் வலி. நெகட்டிவ்.

நான்காம் நாள் அம்மாயி சோறு வேண்டாம் என்றார். காய்ச்சல் இல்லை, இருமலும் பெரிதாக இல்லை. அசதி, தூக்கம், பேச்சு குறைந்தது. பேரன் பயந்துபோய் மாலையில் அவருக்கும் பரிசோதனை செய்தான், இந்த முறை இரண்டு துவாரத்திலும். நெகட்டிவ். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள்.

ஆறாம் நாள் பக்கத்து இளைஞருக்குக் காய்ச்சல் விட்டது. வீட்டில் சந்தோஷம். அன்று இரவே வயிற்றுவலி, நிற்காத வாந்தி. மறுநாள் காலை தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த வைத்திய உதவியாளர் அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தார். சில்லென்று இருந்தது. எங்கிருந்து வந்தாய் என்று கேட்டார். கொழும்பு என்றதும் வேறு எதுவும் கேட்காமல் ஆட்டோ பிடித்து எங்களிடம் அனுப்பிவிட்டார். இரத்தத் தட்டுகள் (பிளேட்லட்) 50,000க்குக் கீழே இறங்கியிருந்தன. இரத்தம் தடித்திருந்தது. டெங்கு, அதுவும் குருதிக் குழாயிலிருந்து நீர் கசியும் கட்டத்தில்.

எட்டாம் நாள் விடியுமுன் அம்மாயிக்கு மூச்சு வாங்கியது. 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்தார்கள். வார்டுக்கு வந்தபோது இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 86 சதவீதம். எங்கள் அன்டிஜன் பரிசோதனையில் (வீட்டுக் கிட்டும் இதே வகைதான்) நோயைக் காட்டும் 'டி' கோடு உடனே தடிப்பாக வந்தது, ஆய்வுகூடத்தில் செய்யும் பிசிஆரும் பொசிட்டிவ். மீதியிருந்த இரண்டு கிட்டில் ஒன்றில் மகளும் அன்று செய்து பார்த்தார். பொசிட்டிவ்.

அந்த ஒற்றைக் கோடு

கிட் வேலை செய்யும் விதம் தெரிந்தால் இதில் பாதி விளங்கிவிடும். குச்சியில் ஒட்டிய சளியைத் திரவத்தில் கரைக்கும்போது வைரஸ் உடைந்து, அதன் உள்ளே உள்ள புரதம் வெளியே வருகிறது. அந்தத் திரவம் பட்டையில் ஊறிக்கொண்டு போகும் வழியில், நுண்ணிய தங்கத் துகள் போன்ற நிறத் துகள் கட்டிய பிறபொருளெதிரிகள் (அன்டிபொடி) அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்கின்றன. 'டி' இடத்தில் காத்திருக்கும் இன்னொரு பிறபொருளெதிரி அதை நிறுத்துகிறது. போதிய அளவு வந்து குவிந்தால் கண்ணுக்குக் கோடாகத் தெரியும். குவியாவிட்டால் தெரியாது. பிசிஆர் போல இது வைரஸைப் பெருக்கிப் பார்ப்பதில்லை. குச்சியில் அந்த நிமிடம் என்ன இருந்ததோ அதுதான்.

'சி' கோடு வந்ததைப் பார்த்து "டெஸ்ட் சரியாகத்தான் நடந்திருக்கிறது" என்று பேரன் நினைத்தான். படித்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் கோடு திரவம் பட்டையின் கடைசி வரை ஓடியது என்பதை மட்டும் சொல்லும். குச்சி மூக்கில் சரியாகப் பட்டதா என்பது அதற்குத் தெரியாது. பெரும்பாலான கிட்டுகளில், மூக்கில் விடாத புதுக் குச்சியைக் கரைத்து ஊற்றினாலும் 'சி' கோடு வரும்.

ஒரு துவாரத்தில் மட்டும் எடுத்ததால்தான் பேரனுக்கு நெகட்டிவ் வந்ததா? பங்கு இருக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் நாள். தொண்டை கரகரத்து ஒரு நாள்கூட முழுதாக ஆகவில்லை. கொவிட்டின் ஆரம்ப காலத்தில், நோய்க்குறி தொடங்கும்போதே மூக்கில் வைரஸ் உச்சத்துக்குக் கிட்ட இருந்தது. தடுப்பூசி போட்டு, ஒருமுறை நோயும் வந்துபோன உடம்பில் நிலைமை மாறிவிட்டது. எதிர்ப்புச் சக்தி முன்கூட்டியே விழித்துக்கொள்கிறது. அதனால் தொண்டை வலியும் காய்ச்சலும் முதலில் வருகின்றன, வைரஸ் பெருகுவது அதற்குப் பின்னால் நடக்கிறது. 2023இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வைரஸ் அளவு நோய்க்குறியின் நான்காம் நாளளவில்தான் உச்சத்துக்குப் போகிறது என்று கண்டது. அதை வைத்து அவர்கள் போட்ட கணக்கின்படி, அன்டிஜன் கிட் முதல் நாளில் 30 முதல் 60 சதவீத நோயாளிகளைத்தான் கண்டுபிடிக்கும். நான்காம் நாளில் அது 80 முதல் 93 சதவீதம்.

அம்மாயிக்கும் இதே கதைதான். அசதி தொடங்கிய அன்று மாலையே பரிசோதனை. அடுத்த நாலு நாளில் யாரும் திரும்பச் செய்யவில்லை. பெட்டியில் கிட் இருந்தது.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2022 ஆகஸ்டிலேயே இதைச் சொல்லிவிட்டது: நோய்க்குறி உள்ளவர் நெகட்டிவ் வந்தால் 48 மணி நேரம் கழித்து இன்னொரு முறை செய்ய வேண்டும், நோய்க்குறி இல்லாதவர் 48 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை செய்ய வேண்டும். ஒற்றை நெகட்டிவ் பாதிப் பரிசோதனை. ஐந்து கிட் உள்ள பெட்டி ஒரு வீட்டுக்கு இரண்டு பேருக்குத்தான் ஒழுங்காகப் போதும்.

குளிரின் மேல் போட்ட பழி

லயத்தில் விசாரித்தபோது எல்லோரும் ஒரே காரணம் சொன்னார்கள்: "குளிர்ல கிட் வேலை செய்யல டொக்டர்." நியாயமான சந்தேகம்தான். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத விடியற்காலையில் இந்தப் பக்கத்துக் காம்பராக்களுக்குள் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போவது சாதாரணம். பெரும்பாலான கிட்டுகளை 2 முதல் 30 பாகைக்குள் வைத்திருக்கலாம், ஆனால் பயன்படுத்தும்போது 15 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். பேரன் பெட்டியை ஜன்னல் விளிம்பில் வைத்திருந்து, எடுத்த கையோடு செய்திருக்கிறான்.

ஆனாலும் இந்தப் பழியை நான் ஏற்கவில்லை. 2021இல் பெர்லினில் பல கிட்டுகளை வெவ்வேறு வெப்பநிலையில் வைத்துச் சோதித்தார்கள். 2 முதல் 4 பாகைக் குளிரில் சில கிட்டுகள் நோய் இல்லாத மாதிரிக்கும் கோடு காட்டின. நோயைத் தவறவிட்டது சூட்டில் வைத்த கிட்டுகள்தான். அதாவது கடும் குளிரில் எதிர்பார்க்க வேண்டியது பொய்யான பொசிட்டிவ். பொய்யான நெகட்டிவுக்கு அஞ்ச வேண்டியது, வெயிலில் நிறுத்திய வானுக்குள்ளோ நடுப்பகல் தகரக் கூரைக்குக் கீழோ கிடந்த பெட்டியிடம். நம் பக்கத்தில் இரண்டும் ஒரே நாளில் நடக்கும். கிட்டைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் வைத்துவிட்டுச் செய்தால் குளிர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும், அடுப்பு மேட்டில் மட்டும் வைக்கக் கூடாது.

இன்னொன்றும் பார்த்தேன். பேரன் பயன்படுத்திய கசெட்டை எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார்கள். அதில் 'டி' இடத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய நிழல் போல ஒரு கோடு. "அப்பவே பொசிட்டிவ்தான், நாங்கதான் பார்க்கல" என்று மகள் அழுதார். அப்படி இல்லை. குறித்த நேரம் தாண்டி, பட்டை காய்ந்த பிறகு வரும் நிறமில்லாத கோட்டுக்கு எந்த அர்த்தமும் கிடையாது. குறித்த நேரத்துக்குள் நிறத்தோடு வரும் கோடு எவ்வளவு மெல்லியதாக இருந்தாலும் பொசிட்டிவ். நேரம் கடந்து வருவது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கணக்கில் இல்லை. அதை அவருக்கு இரண்டு முறை சொன்னேன்.

கணக்கு

உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு வெளியிட்ட மதிப்பாய்வின்படி, நோய்க்குறி தொடங்கி முதல் வாரத்தில் அன்டிஜன் கிட்டுகள் சராசரியாக 80.9 சதவீத நோயாளிகளைக் கண்டுபிடிக்கின்றன. இரண்டாம் வாரத்தில் 53.8 சதவீதம். நோய்க்குறி இல்லாதவர்களில் 54.7 சதவீதம். நோய் இல்லாதவருக்கு இல்லை என்று சொல்வதில் மட்டும் 99.6 சதவீதம். இவற்றில் பெரும்பாலானவை பயிற்சி பெற்றவர்கள் செய்தவை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பையனைப் போல நூறு பேரை எடுப்போம். கடையில் இரண்டு பேருக்கு நோய், இவனுக்குத் தொண்டை கரகரப்பு. பாதிப் பேருக்காவது கொவிட் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஐம்பது நோயாளிகளில் கிட் நாற்பது பேரைப் பிடிக்கும், பத்துப் பேரை விட்டுவிடும். நோய் இல்லாத ஐம்பது பேருக்கும் ஏறக்குறைய எல்லோருக்கும் நெகட்டிவ். மொத்தம் அறுபது நெகட்டிவ், அதில் பத்துப் பேருக்கு நோய். ஆறில் ஒருவர். முதல் நாள் விடியற்காலை என்பதைச் சேர்த்தால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் ஆகிவிடும். சீனி வருத்தம் உள்ள அம்மாயிக்குப் பக்கத்தில் அந்த மூன்றில் ஒருவரைப் படுக்க வைக்க முடியாது.

இதே கிட், கொவிட் அதிகம் இல்லாத காலத்தில், யாரோடும் தொடர்பில்லாத ஒருவருக்கு இலேசான தடிமன் வந்து செய்தால்? நூறில் ஐந்து பேருக்கு நோய் என்று வைப்போம். நான்கு பேர் பிடிபடுவார்கள், ஒருவர் தப்புவார். தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட நெகட்டிவில் ஒன்றுதான் தவறு. ஆக, ஒரே கோட்டின் பெறுமதி ஆளுக்கு ஆள் மாறுகிறது. கிட்டைப் பிரிக்கும் முன்பே பாதி விடை அவருடைய கதையில் இருக்கிறது. பொசிட்டிவ் வந்தால், அதுவும் காரணம் உள்ள ஆளுக்கு வந்தால், தயங்காமல் நம்பலாம்.

கொவிட்டோடு இன்ஃபுளுவென்சாவையும் சேர்த்துப் பார்க்கும் கிட்டுகளும் உண்டு. இலங்கையில் ஏப்ரலிலிருந்து ஜூன் வரையும், நவம்பரிலிருந்து ஜனவரி வரையும் இன்ஃபுளுவென்சா கூடும் காலம் என்பதால் அவை பயனுள்ளவைதான். ஆனால் இன்ஃபுளுவென்சாவுக்கான பழைய விரைவு அன்டிஜன் பரிசோதனைகள் 50 முதல் 70 சதவீத நோயாளிகளைத்தான் பிடித்தன. அந்தக் கோட்டையும் இதே எச்சரிக்கையோடுதான் பார்க்க வேண்டும்.

சரியான விடை கிடைத்தவர்

இப்போது பக்கத்து வீட்டு இளைஞர். அவருக்குக் கொவிட் இல்லை. கிட் இல்லை என்றே சொன்னது. எங்கள் பிசிஆரும் அதையே சொன்னது. கேட்ட கேள்விக்குக் கிட் சரியாகப் பதில் சொல்லிவிட்டது, கேட்ட கேள்விதான் போதவில்லை. நெகட்டிவ் வந்ததும் "அப்ப சும்மா காய்ச்சல்தான்" என்று அந்த வீடு முடிவெடுத்தது. உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். அது ஐபுப்ரோஃபன். டெங்குவில் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடிய மருந்து, பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை கொடுக்கவே கூடாது.

நம் ஊரில் டெங்கு இல்லை, குளிருக்கு நுளம்பு ஏது என்ற எண்ணம் மேல்மலைநாட்டில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. டெங்கு நுளம்புக்கு இந்தக் குளிர் ஒத்துவருவதில்லை என்பது பெருமளவில் உண்மை. ஆனால் நுளம்பு கடித்து 4 முதல் 10 நாள் கழித்துத்தான் காய்ச்சல் வரும். கடி கொழும்பில், காய்ச்சல் லயத்தில். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளிகள் பதிவானபோது, மற்ற எந்த மாகாணத்தையும்விட அதிகம் மேல் மாகாணத்தில். நம் பிள்ளைகள் வேலை செய்வதும் அங்கேதான். பண்டிகைக்கு வரும் பஸ்ஸில் அந்தக் காய்ச்சலும் சேர்ந்து வரும்.

டெங்குவின் கொடுமை, காய்ச்சல் விடும்போது ஆபத்து தொடங்குவது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு இறங்கும். அதையொட்டி வரும் ஒன்றிரண்டு நாட்களில் சிலருக்கு இரத்தத்தின் நீர் குழாய்க்கு வெளியே கசியும். வயிற்றுவலி, நிற்காத வாந்தி, கைகால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், ஒருவித மந்தம். இதில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சல் மூன்றாம் நாளிலும் நிற்காவிட்டால் முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று நம் சுகாதாரத் துறை திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

டெங்குவுக்கும் விரைவுப் பரிசோதனை இருக்கிறது. என்எஸ்1 என்ற புரதத்தைத் தேடும் அது, காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் நன்றாக வேலை செய்யும். பிறகு குறையும். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, அதாவது ஆபத்து கூடுதலான ஆளுக்கு, அது தவறவிடும் வாய்ப்பும் அதிகம். என்எஸ்1 நெகட்டிவ் என்று ஒரு துண்டோடு வருபவரையும் நாங்கள் இரத்தத் தட்டு பார்க்காமல் அனுப்புவதில்லை.

மகள் ஏன் பரிசோதிக்கவில்லை

இதைக் கேட்டபோது அவர் தயங்காமல் சொன்னார்: "பொசிட்டிவ்னு வந்தா மலைக்குப் போக முடியாதே டொக்டர். பொங்கல் கடன் இருக்கு." வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது வேலை நாளாகப் பதிவாகாது. பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. அந்த வீட்டில் எல்லோரும் கிட்டிடம் எதிர்பார்த்தது ஒரே விடையைத்தான். பொசிட்டிவ் வந்தால் என்ன இழப்பு என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நெகட்டிவை நம்பினால் என்ன இழப்பு என்று யாரும் சொல்லவில்லை. தாளைத் தமிழில் அச்சடிப்பது அவசியம். அதோடு, காய்ச்சல்காரர் இரண்டு நாள் வீட்டில் இருந்தாலும் அடுப்பு எரிய வேண்டும். நோய் நாளுக்குச் சம்பளம் இல்லாத இடத்தில் எந்தக் கிட்டும் தன் வேலையை முழுதாகச் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

முடிவும் பேரனின் கேள்வியும்

இளைஞருக்கு நீர் ஏற்றி, மணிக்கணக்குப் பார்த்து இரத்தத்தின் தடிப்பையும் சிறுநீரையும் அளந்தோம். கசிவு நின்றது. சில நாட்களில் வீட்டுக்குப் போனார். அம்மாயிக்கு ஒட்சிசனும் ஸ்டீரொய்ட் மருந்தும் கொடுத்தோம். ஸ்டீரொய்டால் சீனி ஏறியதால் இன்சுலினும் தேவைப்பட்டது. மெதுவாகத்தான் தேறினார்.

வார்டு வாசலில் பேரன் இரண்டு கேள்வி கேட்டான். "என்னாலதானா டொக்டர்?" என்பது ஒன்று. அதற்கு விடை கிடையாது. தாய்க்கும் இருமல் இருந்தது, மலையில் அவரோடு கொழுந்து பறித்த இன்னும் சிலருக்கும் இருமல் இருந்தது. யாரிடமிருந்து யாருக்கு என்பதை எந்தக் கிட்டும் காட்டாது. அப்படியே சொன்னேன்.

மற்றது, மீதியிருக்கும் கடைசிக் கிட்டில் தன்னைப் பரிசோதித்து நெகட்டிவ் வந்தால் உள்ளே போய்ப் பார்க்கலாமா என்பது. அவனுக்கு அன்று ஒன்பதாம் நாள். காய்ச்சல் விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. பொதுவாக இலேசான கொவிட்டில் பத்து நாளுக்குப் பிறகு மற்றவருக்குத் தொற்றுவது அரிது. ஒன்பதாம் நாள் பொசிட்டிவ் வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் வந்தாலும் வார்டில் மற்ற நோயாளிகள் இருக்கிறார்கள், முகக்கவசம் வேண்டும், பக்கத்தில் நெடுநேரம் உட்காரக் கூடாது. "அப்ப நாளன்னைக்கு வாறேன்" என்றான். கிட்டைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, அவருக்கு இருமல் தொடங்கி எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.